குளிசை நேரமே வீட்டு நேரம்: பார்க்கின்சன் நோயுள்ள துணையைப் பராமரித்தல்

மூளையில் டோபமின் என்னும் இரசாயனத்தைச் சுரக்கும் கலங்கள் படிப்படியாக அழிவதால் பார்க்கின்சன் நோய் உண்டாகிறது. கைநடுக்கமே இதன் அடையாளம் என்று ஊரில் பலரும் எண்ணினாலும், கணவனையோ மனைவியையோ வீட்டில் பராமரிப்பவருக்கு நாளாந்தம் அதிக வேலை வைப்பவை உடல் விறைப்பும் அசைவின் மந்தமும் தடுமாற்றமும்தான். இவற்றுக்குப் பெரும்பாலும், மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபாவும் அதற்குத் துணையான கார்பிடோபாவும் சேர்ந்த குளிசையைக் கொடுக்கிறார்கள். அது வேலை செய்யும்போது முற்றத்தில் தானாக நடக்கிறவர், அதன் வேகம் ஓய்ந்ததும் கட்டிலில் புரளக்கூட முடியாதவராகிவிடுகிறார். ஆகவே குளிப்பு, சமையல், கோயில், பள்ளிவாசல், கிளினிக் பயணம் எல்லாவற்றையும் குளிசையின் நேரத்தை ஒட்டியே அமைத்துக்கொள்ள வேண்டும். மற்றப் பராமரிப்பெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

முதலில், ஒரு வாரத்துக்குக் கொப்பி ஒன்றில் குளிசை விழுங்கிய நேரம், உடல் இளகிய நேரம், மீண்டும் இறுகிய நேரம் ஆகிய மூன்றையும் குறித்து வையுங்கள். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ கிளினிக்கில் வைத்தியர் உங்களுக்கு ஒதுக்கக்கூடிய சில நிமிடங்களில், "கொஞ்சம் கூடியிருக்கிறது" என்று சொல்வதைவிட அந்தப் பக்கத்தைக் காட்டுவது பல மடங்கு பயன் தரும். குளிசையின் அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். மாரியில் வெள்ளம் வந்து பாதை தடைப்படும் ஊர்களில் இருப்பவர்கள், கார்த்திகை பிறக்கும் முன்னரே இரண்டு வாரக் குளிசையாவது மேலதிகமாக வீட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது.

உணவில் கவனிக்க வேண்டியது புரதம். மீன், இறைச்சி, முட்டை, தயிர், பருப்பு ஆகியவற்றின் புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்கள், குடலிலும் மூளையின் வாசலிலும் லெவோடோபாவோடு போட்டியிடுகின்றன. இதனால் குளிசையைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னதாகவோ, சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கழித்தோ கொடுப்பது வழக்கம். வயிற்றைப் பிரட்டினால் ஒரு பிஸ்கட்டோடு கொடுக்கலாம். மீனில்லாத சோறு சோறே அல்ல என்னும் நம் பகுதியில் மீனை நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை, நிறுத்தவும் தேவையில்லை. மதியம் சாப்பிட்டபின் குளிசை வேலை செய்யாதது போலத் தெரிந்தால், மீனையும் தயிரையும் இரவுக்கு மாற்றலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். இரும்புச்சத்துக் குளிசைக்கும் லெவோடோபாக் குளிசைக்கும் இடையே இரண்டு மணித்தியாலமாவது இருக்க வேண்டும்.

நோன்பு காலத்தில் சஹருக்கும் நோன்பு திறப்பதற்கும் இடையே ஏறத்தாழ 13 மணித்தியாலங்கள் வருவதால், நோன்பு பிடிக்க விரும்புபவர் றமழானுக்கு முன்னரே வைத்தியரிடம் பேச வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையை ஏற்பதில் குறையொன்றும் இல்லை. நாட்டு மருந்தாகப் பூனைக்காலி விதைத் தூள் கொடுக்கச் சொல்பவர்களும் உண்டு. அந்த விதையிலேயே லெவோடோபா இருக்கிறது என்பது உண்மைதான். அதனாலேயே குளிசையோடு அதையும் சேர்த்தால் அளவு மீறிப்போகும். வாந்திக்கென மெட்டோகுளோபிரமைட் கொடுத்தால் நோய்க்குறிகள் மோசமாகும் என்பதால், எந்தப் பாமசியில் மருந்து வாங்கினாலும் நோயின் பெயரை முதலில் சொல்லுங்கள்.

நடக்கும்போது கதவு நிலையருகிலும் திரும்பும் இடத்திலும் பாதம் நிலத்தில் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடும். அப்போது கையைப் பிடித்து இழுத்தால் உடல் முன்னே சாயும், கால் வராது, விழுவது அப்படித்தான். சற்று நின்று, உடற்பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மெல்ல மாற்றி, "ஒன்று, இரண்டு" என்று எண்ணி, பாதத்தை உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். சீமெந்துத் தரையில் கதவுக்கு முன்னால் நிற நாடாவைக் குறுக்கே ஒட்டி வைத்தால், அந்தக் கோட்டைத் தாண்டுவதற்கென்று கால் தானாக எழும்புவதைப் பலரிடம் காணலாம். சாரத்தின் நுனி பாதத்தில் சிக்கும். கணுக்காலுக்கு மேலே வரும்படி கட்டிவிடுங்கள், அல்லது இறப்பர் நாடா வைத்த காற்சட்டை போடுங்கள். கிணற்றடியில் நின்று குளிப்பதை விட்டு, கதிரை போட்டு இருந்து, குளிசை வேலை செய்யும் நேரத்தில் குளிக்க வேண்டும். எழும்பும்போது இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றுவதும் இந்நோயில் சாதாரணம் என்பதால், கட்டில் விளிம்பில் சில நிமிடங்கள் இருந்த பின்னரே எழும்ப விடுங்கள்.

விழுங்குவது கடினமானால் நிமிர்ந்து இருத்தி, நாடியைச் சற்றுத் தாழ்த்தி, சிறு சிறு கவளமாகக் கொடுங்கள். சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குப் படுக்க விடாதீர்கள். தண்ணீராகச் சொதி ஊற்றிய சோறு எளிதில் புரைக்கேறும், ஏனெனில் வாயில் பருக்கையும் நீரும் வெவ்வேறு வேகத்தில் போகின்றன. பருப்போடு குழையப் பிசைந்த சோறு நல்லது. நீண்ட நேரம் வேலை செய்யும் வகைக் குளிசையைப் பொடியாக்கிக் கொடுக்கக் கூடாது.

துணைக்கு மனம் நோவது முகத்தைப் பார்க்கும்போதுதான். முகத் தசைகள் இறுகுவதால் சிரிப்பு வெளியே தெரியாது, குரலும் அடங்கிவிடும். கோபம் என்றோ வெறுப்பு என்றோ அதை எடுத்துக்கொள்ளாமல், வானொலியை நிறுத்திவிட்டு அருகில் இருந்து, பதிலுக்குச் சற்றுக் காத்திருக்க வேண்டும். இல்லாத ஆட்கள் வீட்டில் நிற்பதாகச் சொன்னால் வாதாட வேண்டாம், விளக்கைப் போடுங்கள், அடுத்த கிளினிக் வரை பொறுக்காமல் வைத்தியருக்குத் தெரிவியுங்கள்.

பிள்ளைகளோ மச்சாளோ வாரத்தில் ஒரு பொழுதாவது பொறுப்பேற்கும்படி முறை வையுங்கள். உங்கள் பிறசர் மாத்திரையை நீங்கள் மறந்துவிட்டால் இரண்டு நோயாளிகளாகிவிடும். விழுந்து தலையில் அடிபட்டாலோ, காய்ச்சலோடு உடல் மரக்கட்டையாக விறைத்தாலோ 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். வேறு எந்த நோய்க்காக வாட்டில் மறித்தாலும், குளிசைகளையும் நேரம் எழுதிய தாளையும் கொண்டுபோய்த் தாதியிடம் நேரில் காட்டி, விடுதிச் சுற்றுக்காகக் காத்திராமல் அந்தந்த நேரத்துக்கே கொடுக்கும்படி கேளுங்கள்.