மைக் பிடிக்கப் போகும் தம்பிக்கு

வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, பள்ளிகொண்டா பக்கம் டென்னிஸ் பால் கிரிக்கெட் டோர்னமென்ட் என்றால் மைக் என்னிடம்தான் வரும். இனி நீயும் வர்ணனை பேசப்போகிறாய். முதல் வேலை, ஸ்கோர் சொல்வது. ரன், விக்கெட், ஓவர், ஜெயிக்க இன்னும் எவ்வளவு, இதே வரிசையில். ஓவர் முடிந்தால் சொல், விக்கெட் விழுந்தால் சொல். மல்லாட்டைக் கொல்லையில் களை எடுக்கிற அக்காவுக்கு ஸ்பீக்கர் சத்தம் மட்டும்தான் ஆட்டம்.

இது நான் ரெட் பார்பரிடம் எடுத்துக்கொண்டது. அமெரிக்க வானொலியில் 1934ல் சின்சினாட்டி அணிக்கு பேஸ்பால் வர்ணனை தொடங்கியவர். 1939 முதல் 1953 வரை புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி, பிறகு 1966 வரை யாங்கீஸ் அணி. முட்டை வேகவைக்க வைக்கும் மூணு நிமிஷ மணல் கடிகாரம் ஒன்றைப் பக்கத்தில் வைத்திருப்பார். மணல் இறங்கியதும் ஸ்கோரைச் சொல்லிவிட்டுத் திருப்பி வைப்பார். அந்த நிமிஷம்தான் ரேடியோ போட்டவருக்கும் ஆட்டம் புரியணும் இல்லையா!

ஆட்டத்துக்கு முன்னாடியே போய் மைதானத்தைச் சுற்றி வா. 'மிட்விக்கெட்' என்று மட்டும் சொல்லாதே, 'புளியமரத்துப் பக்கம்' என்றும் சேர்த்துச் சொல். இரண்டு கேப்டன்களிடமும் பேர் கேட்டு அட்டையில் எழுதிக்கொள்.

பேர் சொல்வதில்தான் உன்னை எடைபோடுவார்கள். ஊர் டீம் ஆடினாலும் காலனி டீம் ஆடினாலும் ஒரே குரல். ஒருத்தனுக்கு 'அண்ணன்' போட்டு, இன்னொருத்தனை மொட்டையாகக் கூப்பிட்டால் கூட்டம் கவனிக்கும். பார்பர் பிறந்தது மிசிசிப்பியில், நிறவெறி ஊறிய தெற்கில். டாட்ஜர்ஸ் ஒரு கறுப்பின வீரரை எடுக்கப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்ததும் வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தார். விடவில்லை. 1947ல் அந்த வீரர், ஜாக்கி ராபின்சன், களமிறங்கியபோது, மற்ற ஆட்டக்காரர்களைச் சொன்ன மாதிரியே அவர் ஆட்டத்தையும் சொன்னார். பார்பர் வாழ்க்கையில் எனக்கு ரொம்பப் பெரிசாகத் தெரிவது இதுதான்.

சிக்ஸர் போனால் வாயை மூடிக்கொள். கூட்டம் கத்தட்டும், அது அடங்கின பிறகு யார் அடித்தது, எந்தப் பக்கம் போனது என்று சொல். பார்பரும் அப்படித்தான், கூட்டத்தின் இரைச்சலைப் பேசவிடுவார்.

மைக்கை வாயிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடி. சித்திரை வெயிலில் தொண்டை சீக்கிரம் கட்டும்; ஐஸ் தண்ணி வேண்டாம், மோர் கொண்டு வா.