முழுநேர ஊழியமும் முதுமையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிறிஸ்தவச் சபையே வாழ்க்கை என்று முப்பது வருடம் ஓடிய ஊழியருக்கு (போதகர், மிஷனரி போன்றவர்களுக்கு), ஓய்வு பெறும் நாளில் சால்வை போர்த்திக் கேடயம் கொடுக்கிறார்கள். சபை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கக்கூட அவர் கையில் பணம் இருப்பதில்லை. தமிழ்நாட்டில் தனிச் சபைகளிலும் சிறு மிஷனரி இயக்கங்களிலும் பலருடைய நிலை இதுதான்.

"கர்த்தர் பார்த்துக்கொள்வார், பென்ஷன் பற்றிக் கேட்டால் அவிசுவாசம்" என்று வாயைத் திறக்காமல் இருப்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது. மாதாமாதம் கைக்கு வருவது சம்பளமா, அன்பின் காணிக்கையா என்றே எழுத்தில் இருக்காது. குறைந்தது 20 பேர் வேலை செய்யும் இடத்துக்குத்தான் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கட்டாயம்; நாலைந்து ஊழியர்கள் இருக்கும் சபை அதற்குள் வராது. ஊழியத்தில் சேரும்போதே மாதத் தொகை, மருத்துவச் செலவு, ஓய்வுக்குப் பிறகு தங்குமிடம் எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

வயதைக் கோட்டைவிடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டமான அடல் பென்ஷன் யோஜனாவில் 18 முதல் 40 வயது வரைதான் சேர முடியும். வருமான வரி கட்டுபவராக இருக்கக் கூடாது. 60 வயதுக்குப் பிறகு மாதம் 5,000 ரூபாய் வர, 18 வயதில் சேர்ந்தவர் மாதம் 210 ரூபாய் கட்டினால் போதும். 30 வயதில் சேர்ந்தால் 577. 40 வயதில் அதுவே 1,454. காணிக்கையை நம்பி வாழும் குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் பெரியது. சேர்ந்தவர் இறந்துவிட்டால் அதே பென்ஷன் மனைவிக்கோ கணவருக்கோ வரும். ஊழியரின் மனைவியும் அவரோடு சேர்ந்து உழைத்தவர்தானே! 40-ஐத் தாண்டியவர்கள் பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி), என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) பக்கம் போகலாம்.

அப்புறம், சபைக் கணக்கையும் வீட்டுக் கணக்கையும் ஒன்றாக்குவது. ஆராதனைக் கூடத்துக்கு ஷீட் போட மனைவியின் வளையலை அடகு வைப்பார்கள். அது கடன் என்று கமிட்டியின் மினிட்ஸ் புத்தகத்தில் ஒரு வரி இருக்காது. கமிட்டி மாறினால் கேட்க ஆதாரமும் இல்லை.

சொந்த வீட்டைச் சபைக்குத் தானப் பத்திரமாக எழுதுவதும் அப்படித்தான். பதிவு ஆனபின் திரும்பப் பெறுவது பெரும்பாடு. கொடுக்க மனம் இருந்தால் உயில் எழுதுங்கள், உயிரோடு இருக்கும்வரை மாற்றிக்கொள்ளலாம். பத்திரமாகத்தான் எழுதுவீர்கள் என்றால், தானம் பெறுபவர் உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையை அதிலேயே சேருங்கள். நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க, மூத்த குடிமக்களுக்கு 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு வழி தருகிறது.

ஏற்கெனவே 60 தாண்டி, ஆதரவில்லாமல் இருக்கிறவர்கள் கூச்சப்படாமல் முதியோர் உதவித்தொகைக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள்; 2023-ல் அது மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. 70 வயது ஆகிவிட்டால், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீடும் உண்டு. உங்கள் ஊரில் பதிவு நடக்கிறதா என்று விசாரித்து, ஆதார் அட்டையோடு போய்ப் பதிவு செய்யுங்கள்.