உலர் அச்சில் தாமிரக் கோடு: புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த மாணவி, அச்சிட்ட தாமிர ஆன்டெனாக்களை ஜிப் கவரில் பத்திரமாகப் போட்டு வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் காலையில் அத்தனையும் நிறம் மங்கிக் கிடந்தன. பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறு. அதனால்தான் இதை எழுதுகிறேன். லேசர் கண்ணாடி, முகக்கவசம், கையுறை பற்றியெல்லாம் முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

தாமிரத்தோடு வினைபுரியாத ஆர்கான் வாயுவுக்குள் தாமிரத் துண்டை லேசர் துடிப்புகளால் தாக்கினால் நானோ துகள்கள் கிளம்பும். அவற்றை அந்த வாயுவோடு நாசில் என்ற குறுகிய குழாய்முனை வழியே பிளாஸ்டிக் தாள்மீது படியவைப்பதுதான் நான் சொல்லும் உலர் அச்சு முறை. அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் இதில் நிறைய வேலை நடந்திருக்கிறது. மை கிடையாது, கரைப்பான் கிடையாது. படிந்த துகள்களை லேசரால் சூடாக்கி ஒன்றோடொன்று பிணைப்பது சின்டரிங்.

இன்று அச்சு, நாளை சின்டரிங்

மையில் அச்சிட்டுப் பழகியவர்களே பெரும்பாலும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். தாமிர நானோ மையில் துகளைச் சுற்றி ஒரு கரிமப் பூச்சு இருக்கும். துகள்கள் திரண்டுவிடாமல் இருக்கப் போட்ட அந்தப் பூச்சு, காற்றையும் ஓரளவு தடுக்கும். உலர் அச்சில் அது இல்லை. எரித்து நீக்க எதுவும் இல்லாததால்தான் கோடு சுத்தமாக வருகிறது. ஆனால் ஆர்கானை விட்டு வெளியே வந்ததும் துகளுக்கு எந்தக் காப்பும் கிடையாது.

செம்புக் குடம் கறுத்தால் புளி போட்டுத் தேய்த்துவிடலாம். கறுப்பு மேலோடு நின்றுவிடும், உள்ளே செம்பு அப்படியே இருக்கும். 10 நானோமீட்டர் விட்டமுள்ள துகளுக்கு அந்த வசதி இல்லை. 1 நானோமீட்டர் ஆழம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ஆக்சைடாக மாறினாலே அதன் கன அளவில் கிட்டத்தட்ட பாதி போய்விட்டது. 1 மைக்ரான் துகளில் அதே ஆழம் 1 சதவீதத்தைக்கூட எட்டாது.

நான் வெள்ளிக்கிழமை மாலை அச்சிட்டு, திங்கட்கிழமை சின்டரிங் செய்தேன். மின்தடை இறங்கவில்லை. லேசர் சக்தியைக் கூட்டினேன், அப்புறம் இன்னும் கூட்டினேன். ஆக்சைடு பிணையவில்லை. அடியில் இருக்கும் பெட் (PET) பிளாஸ்டிக் தாளோ 80 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே இளகத் தொடங்கிவிடும், அது சுருண்டு கோட்டையும் பிளந்தது. லேசரில்தான் கோளாறு என்று நம்பி இரண்டு வாரம் அதையே சோதித்துக்கொண்டிருந்தேன். கோடுகள் சனி, ஞாயிறிலேயே கெட்டுப்போயிருந்தன. இன்றும் யாராவது "நாளைக்குப் பார்த்துக்கலாம் சார்" என்றால் எனக்குக் கோபம் வருகிறது.

ஒவ்வொரு அடுக்கும் படிந்த கையோடு, ஆர்கானுக்குள்ளேயே சின்டரிங் செய்யுங்கள். முடிந்ததும் வாயுவை உடனே நிறுத்தாதீர்கள். சூடான தாமிரம் காற்றில் இன்னும் வேகமாகக் கெடும், அதனால் தாள் ஆறட்டும். இரண்டையும் ஒரே அமர்வில் முடிக்க நேரமில்லை என்றால் அன்று அச்சிடவே தொடங்க வேண்டாம். வெள்ளித் துகளில் பழகியவர்களுக்கு இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று தோன்றும். வெள்ளி ஒரு நாள் காற்றில் கிடந்தாலும் இந்த அளவுக்குக் கெடாது, அந்தப் பழக்கத்தை அப்படியே தாமிரத்துக்குக் கொண்டுவராதீர்கள்.

மீட்டரின் கம்பி முனையைக் கோட்டின்மேல் அழுத்துவது

சரியாகப் பிணையாத கோடு வெறும் பொடிதான். மின்தடை அளக்கும் மல்டிமீட்டரின் கம்பி முனையை அழுத்தினால் அந்த இடத்தில் துகள்கள் நெருங்கி, தடை குறைந்ததுபோல் காட்டும். அழுத்தத்தை மாற்றினால் எண்ணும் மாறும். கோட்டின் முனைகளில் அகலமான தொடுபரப்பு அச்சிட்டு, நான்கு முனை முறையில் (இரண்டு முனைகளில் மின்னோட்டம், மற்ற இரண்டில் மின்னழுத்தம்) அளவிடுங்கள். அப்புறம் செலோடேப்பை ஒட்டி உரித்துப் பாருங்கள், டேப்பில் எவ்வளவு வருகிறது என்பது நிறையச் சொல்லும்.

ஒரே ஓட்டத்தில் தடிமன்

வேண்டாம். மேலே பிணைந்து அடியில் பொடியாகவே நிற்கும்.

நாசிலுக்கும் தாளுக்கும் உள்ள தூரத்தைக் கண்ணால் கணிப்பது

ஒவ்வொரு தாளுக்கும் அளவிடுங்கள்.

தட்டையாக வைத்துச் சோதித்துவிட்டு 'தயார்' என்பது

125 மைக்ரான் தாளை 5 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைத்தால் வெளிப்பரப்பு சுமார் 1.25 சதவீதம் நீளும். 50 மைக்ரான் தாளில் அது 0.5 சதவீதம்தான். மெல்லிய தாளில் தாங்கிய கோடு தடித்த தாளில் விரிசல் விடலாம். அதனால் தாளின் தடிமனும் வளைத்த ஆரமும் குறிக்காமல் 'வளைத்துப் பார்த்தோம்' என்று வரும் அறிக்கையை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.