மணிக்குள் ஒரு பூ: சுடர் மணிகளுக்கு முரினிக் குச்சி இழுக்கும் முறை

சுடரில் கண்ணாடியை உருக்கி மணி சுற்றப் பழகி, புள்ளியும் கோடும் வைக்கக் கை வந்தபின் அடுத்து வரும் ஆசை, மணிக்குள் ஒரு முழுப் பூவை வைப்பது. அதை மணியின்மேல் வரைய வேண்டியதில்லை. தடித்த கண்ணாடி உருளைக்குள் பூவை நீளவாக்கில் அடுக்கி, சூடாக்கி, மெல்லிய குச்சியாக இழுத்துவிட்டால், எங்கே வெட்டினாலும் அதே பூ இருக்கும். இத்தாலியின் வெனிஸ் அருகிலுள்ள முரானோ தீவின் கண்ணாடிக் கலைஞர்கள் முரினி என்று சொல்வது இதைத்தான்.

முதல் பூவுக்கு மஞ்சள் நடு, ஆறு வெள்ளை இதழ்கள், ஒளி ஊடுருவும் நீலப் பின்னணி போதும். மூன்று நிறமும் எஃபெட்ரே என்ற நிறுவனத்தின் கண்ணாடியாக இருக்கட்டும். அதன் விரிவுக் குணகம், அதாவது சூட்டில் எவ்வளவு விரியும் என்பதைக் காட்டும் எண், 104. புல்ஸ்ஐ என்ற இன்னொரு நிறுவனத்தின் கண்ணாடிக்கு 90. இரண்டையும் சேர்த்தால் ஆறும்போது விரிசல் விடும். சுடரின் மஞ்சள் ஒளியை மறைக்கும் டிடிமியம் மூக்குக்கண்ணாடி போடுவதையும் ஜன்னலைத் திறந்து வைப்பதையும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

கைப்பிடிக்கு என் விருப்பம் துருப்பிடிக்காத எஃகுச் சாப்ஸ்டிக். கனமாக இருப்பதால் விரல்களுக்குள் சீராக உருளும். உருட்டுவதற்கு கிராஃபைட் பலகையே நல்லது. கண்ணாடி அதில் ஒட்டாது.

அடுக்குதல்

சாப்ஸ்டிக் நுனியைச் சூடாக்கி, மஞ்சளை அதில் திரட்டி, விரல் பருமனுக்குச் சற்றுக் குறைவான உருளையாக உருட்டுங்கள். அதன்மேல் வெள்ளைக் கண்ணாடிக் குச்சியால் நீளவாக்கில் ஆறு கோடுகள் போட வேண்டும். முதல் கோட்டுக்கு நேர் எதிரே இரண்டாவதைப் போட்டு, அப்புறம் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கோடுகள் போட்டால் இடைவெளி சமமாக வரும். இடைவெளிகளை நீலத்தால் அடிவரை அழுத்தி நிரப்புங்கள். அங்கே காற்று சிக்கினால், இழுக்கும்போது குச்சி முழுக்க நீண்ட குமிழிக் கோடாகிவிடும். கடைசியாக மேலே ஒரு சுற்று நீலம். இந்த நிலையில் அது கருப்பாகத்தான் தெரியும். மெலிந்ததும் நீலம் வெளியே வரும்.

இழுத்தல்

எல்லோருக்கும் சறுக்குகிற இடம் இது. மறுமுனையில் இரண்டாவது சாப்ஸ்டிக்கை ஒட்டி, இரண்டு கைகளையும் ஒரே வேகத்தில் சுழற்றியபடி, உருளையை உள்வரை சூடாக்குங்கள். வெளித்தோல் சீக்கிரம் இளகிவிடும், நடுவிலுள்ள மஞ்சள் இளகாது. அந்த நிலையில் இழுத்தால் நீலம் மட்டும் நீளும். ஆகவே அவசரப்படாமல், சுடரிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்து, உருளை முழுவதும் தேன்போலத் தொய்கிறவரை சூடேறவிடுங்கள்.

அப்புறம் சுடரைவிட்டு வெளியே எடுங்கள். உடனே இழுக்காதீர்கள். சுழற்றிக்கொண்டே நிறத்தைப் பாருங்கள். பளிச்சென்ற ஆரஞ்சு மங்கி, மேலே மெல்லிய தோல் கட்டும். அப்போது இழுத்தால்தான் பருமன் சீராக வரும். முன்னதாக இழுத்தால் நடுவில் நூலாகிப் போகும். முதலில் மெதுவாக இழுங்கள். கை கொஞ்சம் எதிர்ப்பை உணரும்போது வேகத்தைக் கூட்டுங்கள். விறைக்கும்வரை இழுவையைத் தளர்த்தாதீர்கள், இல்லாவிட்டால் குச்சி வளைந்துவிடும்.

16 மி.மீ. பருமனும் 25 மி.மீ. நீளமும் உள்ள உருளை, 5 மி.மீ. குச்சியாகும்போது கணக்குப்படி 25 செ.மீ. வரும். இரு முனையிலும் தடிப்பாக நிற்பதைக் கழித்தால் நல்ல குச்சி அதைவிடக் குறைவுதான். முதல் முயற்சிக்கு அது தாராளம்.

வெட்டுதல், பதித்தல்

மொசைக் வேலைக்காரர்களின் சக்கர வெட்டியால் 3 மி.மீ. வில்லைகளாக வெட்டுங்கள். சாதாரணக் குறடு கண்ணாடியை நொறுக்கும், அதை வாங்கவே வேண்டாம். மணியில் ஓர் இடத்தை மட்டும் சூடாக்கி, வில்லையை அழுத்தி ஒட்டி, மெல்ல உருக்கி உள்ளே தள்ளுங்கள். முடித்த மணி சூளையில் 510 டிகிரி செல்சியஸ் அளவில் பதமாகி மெதுவாக ஆற வேண்டும்.

பிற்சேர்க்கை: பூ ஒரு பக்கமாகச் சுழன்று தெரிகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். இழுக்கும்போது ஒரு கை முந்திச் சுழன்றால் கோடுகள் முறுக்கிக்கொள்ளும். இழுக்கத் தொடங்கியதும் சுழற்றுவதை நிறுத்திவிடுங்கள். வில்லை சுடர் பட்டதும் தெறிக்கிறது என்றால், இடுக்கியில் பிடித்துச் சுடரின் நுனிக்கு அப்பால் காட்டிக் காட்டிச் சூடாக்கிய பிறகு ஒட்டுங்கள்.