செய்வதைக் காட்டச் சொல்லும்போது நாம் செய்யும் தவறுகள்

செட்டிநாட்டில் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று எந்த ஊரை எடுத்தாலும் ஆசைக்காகக் கையால் எதையாவது செய்துகொண்டிருக்கும் ஆட்கள் தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். ஓலைக் கொட்டான் பின்னுகிற ஆச்சி, மணி கோக்கிறவர், தேக்குத் துண்டில் சின்னதாக நிலைக்கதவு செதுக்கும் பையன், ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த பழைய கடித உறைகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார். இவர்களுக்கென்று வாட்ஸ்அப்பில் குழு ஆரம்பிப்பவர்களும் இப்போது நிறைய. முதல் வாரம் அமர்க்களமாக இருக்கும். அப்புறம் பார்த்தால் இருநூறு பேர் இருக்கிற குழுவில் நாலைந்து பேர்தான் திரும்பத் திரும்பப் போடுவார்கள், மற்றவர்கள் பார்ப்பதோடு சரி. 'நம்ம ஆளுங்களுக்குக் கூச்சம் ஜாஸ்தி' என்று அட்மின் முடிவுகட்டிவிடுவார்.

கூச்சம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் பார்த்தவரையில் ஆட்கள் வாயை மூடிக்கொள்வதற்குப் பெரிய காரணம் நாம்தான். நாம் எப்படிக் கேட்கிறோம், முதல் தடவை ஒருவர் தயங்கித் தயங்கி ஒன்றைக் காட்டும்போது அவருக்கு என்ன பதில் கிடைக்கிறது, இந்த இரண்டில்தான் எல்லாம் இருக்கிறது.

கேட்பதிலிருந்தே தொடங்குவோம். 'அனைவரும் தங்கள் படைப்புகளைப் பகிருமாறு கேட்டுக்கொள்கிறோம்' என்று அறிவிப்புப் போட்டால் யாரும் போட மாட்டார்கள். அது யாரையும் பார்த்துச் சொன்னதில்லையே. ஒருவரைப் பெயர் சொல்லி, அவர் கையில் இருக்கிற வேலையைச் சொல்லிக் கேளுங்கள். 'ஆச்சி, போன வாரம் நீலமும் மஞ்சளும் போட்டுப் பின்னிக்கிட்டிருந்தீங்களே, அது எதுவரைக்கும் வந்திருக்கு?' இதற்குப் பதில் சொல்லாமல் இருப்பதுதான் கஷ்டம்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. நாம் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி 'முடிச்சதும் போடுங்க' என்போம். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம், ஆனால் பாதி ஆட்கள் அங்கேயே கழன்றுவிடுகிறார்கள். ஆசைக்குச் செய்கிற வேலை எப்போது முடிகிறது? வீட்டு வேலை, பிள்ளைகள், கடை என்று எல்லாம் போக மிச்சமிருக்கிற நேரத்தில் நடப்பது அது. மாதக்கணக்கில் இழுக்கும். முடிந்தாலும் 'இன்னும் கொஞ்சம் சரி பண்ணிட்டு' என்று தள்ளிப் போடுவார்கள். அதைவிட முக்கியம், முடிந்த பொருளில் பேசுவதற்கு ரொம்ப இருக்காது. கொட்டானையே எடுத்துக்கொள்ளுங்கள். குருத்தோலையை வாங்கிக் காயவைத்து, ஈர்க்கை எடுத்து, ஒரே அகலத்தில் கீறி, கொதிக்கிற சாயத் தண்ணீரில் முக்கி, மறுபடி உலர்த்தி, பின்னும்போது ஓலை ஒடியாமல் இருக்க லேசாக நனைத்து நனைத்து வளைக்க வேண்டும். முடிந்த கொட்டானின் போட்டோவில் இதெல்லாம் எங்கே தெரிகிறது? பார்ப்பவருக்கு அது ஓர் அழகான கூடை, அவ்வளவுதான். ஆனால் 'ஒரு கட்டு ஓலை மட்டும் சாயம் பிடிக்காமத் திட்டுத் திட்டா வந்திருக்கு, ஏன்னு தெரியல' என்று நடுவில் ஒரு போட்டோ வந்தால் அன்றைக்குக் குழுவே உயிரோடு இருக்கும். ஓலை முற்றிப்போச்சா, தண்ணீர் போதுமான அளவுக்குக் கொதித்ததா, கட்டை ரொம்ப இறுக்கிக் கட்டியிருந்தாரா என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். அந்த யோசனை பயன்படுகிற நேரத்தில் வந்திருக்கும். எல்லாம் முடிந்தபிறகு 'இப்படிச் செஞ்சிருக்கலாமே' என்று சொல்வதால் யாருக்கு லாபம்?

இனி அடுத்தது, போட்டோ வந்தபிறகு நடப்பது. 'சூப்பர்', 'அருமை ஆச்சி', கைகூப்பும் பொம்மைகள், கட்டைவிரல்கள். கொச்சைப்படுத்துவதாக நினைக்க வேண்டாம், பாராட்டு வேண்டியதுதான். ஆனால் 'அருமை' என்ற சொல்லுக்கு 'நன்றி' என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. பேச்சு அங்கேயே முடிகிறது. ஒரு மாதம் செலவழித்துச் செய்தவருக்கு அரை நிமிடத்தில் பதினைந்து 'அருமை' கிடைத்து, அதன் மேல் யாரோ ஒரு காலை வணக்கம் போட்டு, அது மேலே போய்விடுகிறது. அடுத்த தடவை அவர் ஏன் போடப்போகிறார்? ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், ஆனால் உண்மையாகப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். 'விளிம்பை மடிச்சு உள்ளே சொருகியிருக்கீங்களா, இல்ல நூல் போட்டுத் தைச்சிருக்கீங்களா? என்னோடது கொஞ்ச நாள்ல பிரிஞ்சு வருது.' இப்படிக் கேட்டால் அந்த ஆச்சி விளிம்பை மட்டும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்புவார், கூடவே குரல் பதிவு ஒன்றும் வரும், அவருக்குத் தெரிந்தது எல்லாருக்கும் போய்ச் சேரும். காட்டுகிறவருக்கு வேண்டியது கைதட்டலைவிட, தன் வேலையை ஒருவர் கவனித்துப் பார்த்தார் என்ற நிம்மதி.

விலை கேட்பது இந்தப் பக்கத்துக் குழுக்களில் பெரிய வியாதி. போட்டோ வந்த மூன்றாவது பதிலே 'என்ன விலை? பத்து வேணும், எப்பக் கிடைக்கும்?' காரணம் புரிகிறது. செட்டிநாட்டுப் பொருள் என்றால் வெளியில் மதிப்பு இருக்கிறது. கொட்டானுக்கும் புவிசார் குறியீடு உண்டு, காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் கிடைத்தது, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் தேடி வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆள் வருகிறார்கள். ஆனால் ஆசைக்குப் பின்னுகிறவரிடம் பத்து கேட்டால் அவருக்கு அது ஆர்டர், கெடு, கணக்கு. சாயங்காலம் வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், உட்கார்ந்து நிம்மதியாகச் செய்த வேலை அன்றோடு போய்விடும். விற்க விரும்புகிறவர்கள் இருந்தால் அதற்குத் தனிக் குழு வையுங்கள், இங்கே விலை பேசக் கூடாது என்று ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு. கண்டாங்கி நெய்கிறவர்கள், ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் ஊற்றுகிறவர்கள் இவர்களுக்கெல்லாம் அது பிழைப்பு. 'தொழில் ரகசியம் எல்லாம் சொல்லிக் குடுங்கண்ணே' என்று குழுவில் வைத்து அவர்களை நெருக்கினால் மறுக்கவும் முடியாமல் சொல்லவும் முடியாமல் தவிப்பார்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம், அதற்கு மேல் போகக் கூடாது.

திருத்துவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் பழமைக்கு இருக்கிற மரியாதையே புதிதாகத் தொடங்குகிறவருக்குப் பெரிய சுமையாகிவிடுகிறது. பர்மா தேக்கும் இத்தாலிப் பளிங்குமாக நிற்கிற வீடுகளுக்கு நடுவில் ஒரு பெண் முதல் தடவையாக நடுவீட்டுக் கோலம் போட்டுப் பழகுகிறாள் என்று வையுங்கள். பச்சரிசி மாவை அரைத்துக் கரைத்து, துணியை நனைத்து, விரல் வழியாக ஒரே கனத்தில் இழை விட வேண்டும். கை பழகவே நாளாகும். படத்தைப் போட்டதும் 'இழை கோணல்', 'எங்க அப்பத்தா போட்டா அளவெடுத்த மாதிரி இருக்கும்', 'காவி எங்கே?' என்று வரிசையாக வந்தால் அவள் அடுத்த கோலத்தைப் போடுவாள், படத்தைப் போட மாட்டாள். அப்பத்தாவும் முதல் கோலத்தைக் கோணலாகத்தான் போட்டிருப்பார், அதைப் படம் எடுக்க அப்போது ஆள் இல்லை.

அதற்காகத் தவறு என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்லவில்லை. யோசனை வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். வேண்டும் என்றால் ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள், அடுத்த தடவை அவர் செய்து பார்க்கக் கூடியதைச் சொல்லுங்கள். 'மாவு கொஞ்சம் நீர்த்திருக்கும்மா, இன்னும் கெட்டியாக் கரைச்சா இழை பரவாது' என்றால் போதும். கேட்காமலேயே உடனே சொல்லியாக வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. திரும்பச் சரிசெய்ய முடியாத சேதம் நடக்கப்போகிறது என்றால் சொல்லிவிட வேண்டும். பழைய செம்புக் காசைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கப்போகிறேன் என்று ஒருவர் சொன்னால் தடுத்துவிடுங்கள், தேய்த்த காசுக்குச் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு இறங்கிவிடும், மேல்பூச்சாக வந்திருக்கும் அந்த நிறம் திரும்ப வராது. ரங்கூன் உறையைத் தண்ணீரில் ஊறவைத்துத் தபால்தலையை மட்டும் உரித்தெடுப்பவருக்கும் அப்படித்தான். 'அடுத்ததை உறையோடவே வைங்க சார், முத்திரையில ஊரும் தேதியும் இருக்கு, யார் யாருக்கு எழுதினதுன்னு இருக்கு, தலையை மட்டும் எடுத்தா அதெல்லாம் போயிடும்.' இவ்வளவுதான். உரித்துவிட்டதற்காக அவரை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் கேள்வி கேட்பதில் எந்தப் பலனும் இல்லை.

கெட்டுப்போன வேலைக்குக் குழுவில் இடம் வேண்டும். எங்கள் குழுவில் கல்லூரிப் பையன் ஒருவன் வீட்டுப் பின்கட்டில் சின்ன அளவில் ஆத்தங்குடிக் கல் ஊற்றிப் பார்த்தான். கண்ணாடிப் பலகையின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு பூவிதழுக்குள்ளும் வண்ணச் சிமெண்டுக் கரைசலை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, பின்பக்கம் மணலும் சிமெண்டும் போட்டு நிரப்பி, இறுகியதும் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். அந்தப் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவதுதான். அவன் ஊற்றியதில் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிப்போய்ப் பூ இருந்த இடத்தில் ஒரு குழம்பல். அதை அப்படியே படம் எடுத்துப் போட்டான். கொத்தனார் ஒருவர் இருக்கிறார், எப்போதும் பேசாதவர், அவர் குரல் பதிவு அனுப்பினார்: 'தம்பி, கரைசல் தண்ணியா இருக்கு, அதான் அச்சைத் தூக்கினதும் ஓடுது. மோர் பதம் கூடாது, தோசை மாவு பதம் வேணும்.' அந்த ஒரு பதிவுக்குப் பிறகு கொத்தனாரும் பேச ஆரம்பித்துவிட்டார். குழு நடத்துகிறவர்களே முதலில் தங்கள் கெட்டுப்போன வேலையைப் போட்டால் மற்றவர்களுக்குத் தைரியம் வரும். அட்மின் எப்போதும் அறிவிப்பு மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் வராது.

போட்டி, பரிசு வேண்டவே வேண்டாம். அதே இரண்டு பேர்தான் ஜெயிப்பார்கள், மற்றவர்கள் ஒதுங்குவார்கள்.

'நல்ல போட்டோவாப் போடுங்க' என்று சொல்வதும் ஒரு தடைதான். எப்படி எடுப்பது என்று சொல்லிக்கொடுத்தால் அது உதவி. வளவுப் பக்கம் காலையிலோ சாயங்காலமோ பொருளை வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கச் சொல்லுங்கள். செதுக்கு வேலை என்றால் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழ வேண்டும், நேராக விழுந்தால் ஆழமே தெரியாது. அளவு தெரியப் பக்கத்தில் ஒரு நாணயம் வைக்கலாம். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும் என்பதால் நுணுக்கம் தெரிய வேண்டிய படத்தை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்வோம், ஆனால் அப்படி அனுப்பும்போது போன் பதிந்துவைத்திருக்கும் இடவிவரமும் படத்தோடு போகக் கூடும். கேமரா அமைப்பில் லொக்கேஷனை அணைத்துவிட்டு எடுப்பது நல்லது. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் வீடுகளில் பல, வருஷத்தில் பெரும்பகுதி பூட்டிக் கிடப்பவை, பங்காளிகள் பத்துப் பேருக்குப் பாத்தியப்பட்டவை. முகப்புக் கதவின் செதுக்கல் அழகாக இருக்கிறதே என்று உள்ளே இருக்கும் தூண், கண்ணாடி, சாமான் எல்லாவற்றையும் ஊர்ப் பெயரோடு படம் போட்டால், அங்கே என்ன இருக்கிறது என்று வேண்டாதவனுக்கும் சொன்னதாகிவிடும். சொந்த வீடே ஆனாலும் பங்காளிகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள்.

தட்டச்சு வராதவர்களிடம் 'ரெண்டு வரி விளக்கம் கட்டாயம்' என்று விதி வைக்காதீர்கள், வாய்ஸ் மெசேஜ் போதும். ஆச்சி செய்ததைப் பேரன் போடுகிறான் என்றால் அவர் சம்மதித்தால் அவர் பெயரோடு போடட்டும், கேள்விக்கும் அவரையே பேசவிடட்டும்.

பெண்கள் குழுவை விட்டுப் போவதற்கு நாம் வெளியே பேசாத காரணம் ஒன்று இருக்கிறது. கோலமோ மணிவேலையோ போட்ட அன்று இரவே முன்பின் தெரியாத நம்பரிலிருந்து தனியாக 'ஹாய்' வரும், அடுத்து 'நீங்க எந்த ஊர்?' வரும். அவர்கள் யாரிடமும் புகார் சொல்ல மாட்டார்கள், சத்தமில்லாமல் வெளியேறிவிடுவார்கள், அட்மின் மறுபடி கூச்சம் என்பார். அனுமதி இல்லாமல் தனியாகச் செய்தி அனுப்பினால் அன்றே நீக்கப்படுவார் என்று குழு விவரத்தில் எழுதிவையுங்கள். அனுப்பியவர் உங்கள் உறவுக்காரராகவே இருந்தாலும் நீக்குங்கள்.

அப்புறம், கொஞ்ச நாளாகக் காணாத ஆளைக் குழுவில் வைத்து 'எங்கே ஆளையே காணோம்?' என்று கேட்க வேண்டாம். மார்கழியில் பிள்ளையார் நோன்பு, தையில் பழனிக்குக் காவடியோடு நடை, அப்புறம் கல்யாணங்கள் என்று வேலை கையை விட்டுப் போகிற மாதங்கள் எல்லார் வீட்டிலும் உண்டு. போனில் கூப்பிட்டுப் பேசுங்கள், விட்ட இடத்திலிருந்து கேளுங்கள். 'அந்த நிலைக்கதவுல யாளி பாதியில நின்னுச்சே தம்பி, வாய் செதுக்கியாச்சா?' அவன் இன்னும் தொடவில்லை என்றால் தொடவில்லை என்று சொல்லட்டும். 'சரி, தொடும்போது ஒரு படம் அனுப்பு' என்று சொல்லிவிட்டு வீட்டில் எல்லாரையும் விசாரித்துவிட்டு வையுங்கள்.