ரமணிசந்திரன் நாவல்களை விவாதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காதல் நாவலாசிரியர் ரமணிசந்திரன் பெயரை எடுத்ததும் வாசிப்புக் குழு இரண்டாகப் பிரிந்துவிடும். "அவர் கதைதான் என்னைத் தமிழ் படிக்க வைத்தது" என்பார் ஒருவர். "ஒன்றைப் படித்தால் எல்லாவற்றையும் படித்த மாதிரி" என்பார் இன்னொருவர். இருவரும் உள்ளதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஆளுக்கொரு நாவலையும் ஆளுக்கொரு அளவுகோலையும் மனத்தில் வைத்துக்கொண்டு, ஒரே விஷயத்தைப் பேசுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். அங்கேதான் பேச்சு கெடுகிறது.

சிங்கப்பூரில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். நூலகத்திலோ சமூக மன்றத்திலோ கூடும் ஒரு குழுவில், தமிழ்நாட்டில் வார இதழ்த் தொடர்களோடு வளர்ந்து இங்கு வந்தவர் இருப்பார். தேக்காவில் வாங்கிய மாத நாவலை வீட்டில் அம்மாவும் அத்தையும் மாறிமாறிப் படித்ததைப் பார்த்து வளர்ந்த உள்ளூர்க்காரர் இருப்பார். உயர்நிலைப் பள்ளியோடு தமிழ் வாசிப்பை நிறுத்திவிட்டு இப்போது திரும்பி வந்திருக்கும் இளையரும் இருப்பார். ஒரே காட்சி மூவருக்கும் மூன்று விதமாகப் படும். அந்த வேறுபாடு பயனுள்ள பேச்சாக மாற வேண்டுமானால் சில தவறுகளைத் தவிர்க்க வேண்டும்.

ஒரு நாவலை வைத்து மொத்தத்தையும் எடைபோடுவது

இவர் எழுதியவை 150க்கும் மேல். பெரும்பாலானவை இதழ்களில் தொடராக வந்து பிறகு நூலானவை. இதில் ஒன்றே ஒன்றைப் படித்துவிட்டு "இவர் எழுத்து இப்படித்தான்" என்று சொன்னால், புகழ்ச்சியானாலும் குறையானாலும் அதற்கு மதிப்பில்லை. குறைந்தது மூன்று நாவல்களாவது வேண்டும்: தொடக்க காலத்தில் எழுதியது ஒன்று, நடுவில் ஒன்று, பிற்காலத்தில் ஒன்று. மூன்றையும் எல்லாரும் படிக்க வேண்டியதில்லை. ஒன்பது பேர் இருந்தால் ஒரு நாவலுக்கு மூவர் என்று பிரித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நாவலுக்கும் மூவராவது இருந்தால்தான் ஒருவர் நினைவுப் பிழையாகச் சொல்வதை மற்றவர் திருத்த முடியும்.

பதிப்பாண்டைக் கதை எழுதிய ஆண்டாக எடுத்துக்கொள்வது

இதுதான் அதிகம் நடக்கும் தவறு. விளைவும் பெரிது. இந்த நாவல்கள் திரும்பத் திரும்ப அச்சாகின்றன. நூலகத்தில் கிடைக்கும் பிரதியில் 2010க்குப் பிந்தைய ஆண்டு போட்டிருக்கும். கதையோ அதற்கு இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் எழுதப்பட்டிருக்கும். அது தெரியாமல் "இந்தக் காலத்திலும் இப்படியா எழுதுவார்கள்" என்று ஒருவர் கோபப்படுவார். அந்தக் கோபத்துக்குப் பதில் சொல்லியே அரை மணி நேரம் போய்விடும்.

முதலில் தலைப்புப் பக்கத்தின் பின்புறம் 'முதற்பதிப்பு' என்ற வரியைத் தேடுங்கள். நடப்புப் பதிப்பின் ஆண்டு மட்டும் இருந்தால் கதைக்குள் தேட வேண்டும். ட்ரங்க் கால் (இணைப்பகத்தில் பதிவுசெய்து பேசும் வெளியூர் அழைப்பு) போட்டுக் காத்திருக்கிறார்களா, எஸ்.டி.டி. பூத்துக்கு (காசு கொடுத்து வெளியூருக்குப் பேசும் தொலைபேசிக் கடை) போகிறார்களா, நாயகன் கையில் கைப்பேசி இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் கைப்பேசிச் சேவை தொடங்கியது 1995இல். சாதாரணக் குடும்பங்களுக்கு அது வந்து சேர இன்னும் சில ஆண்டுகள் ஆயின. காதல் கதைகளில் வரும் தவறான புரிதல்கள் பலவும் கைக்குக் கிடைக்காத கடிதத்தையும் நேரில் பேச முடியாத தூரத்தையும் நம்பி நிற்பவை. "ஒரு ஃபோன் போட்டால் தீர்ந்துவிடுமே" என்ற குறை 2005இல் நடக்கும் கதைக்குச் சரி. 1980இல் நடக்கும் கதைக்கு அது பொருந்தாது.

சட்டத்தையும் கூடவே பார்ப்பது நல்லது. மாமா வீட்டில் ஒண்டிக்கொண்டு எல்லாவற்றையும் பொறுத்துப்போகும் நாயகியைப் பார்த்து, "ஏன் தன் பங்கைக் கேட்கவில்லை?" என்று இங்கு வளர்ந்த வாசகர் கேட்பது இயல்பு. தமிழ்நாட்டில் இந்துக் குடும்பங்களில் மகளுக்கு மகனைப் போலவே பரம்பரைச் சொத்தில் உரிமை என்பது 1989இல்தான் சட்டமானது. அதற்கு முன்பே மணமாகியிருந்த பெண்களை அந்தச் சட்டம் விலக்கியும் வைத்தது. இந்திய அளவில் அந்த உரிமை வந்தது 2005இல். இது தெரிந்தபின் அந்த நாயகியின் மௌனம் வேறு மாதிரி படும். அவள் பணிந்துபோகிறாளா, போக்கிடம் இல்லாமல் காத்திருக்கிறாளா என்பது பேசத் தகுந்த கேள்வி.

தொடர்கதை என்பதை மறந்துவிட்டு 'இழுவை' என்பது

வாரம் ஓர் அத்தியாயமாக வந்த கதையை ஒரே மூச்சில் படித்தால் சில விஷயங்கள் உறுத்தும். முந்தின வாரம் நடந்ததை மறுபடி நினைவூட்டும் பத்திகள் வரும். ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கேள்வியில் போய் நிற்கும். அடுத்ததைத் திறந்தால் அந்தக் கேள்வி இரண்டே வரியில் கரைந்துவிடும். இவை தொடர் என்ற வடிவத்தின் தேவைகள். ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் இதில் பாதி உறுத்தல் போய்விடும். அப்படிப் படித்த பிறகும் நடுப்பகுதி நகரவில்லை என்றால் அது எழுத்தின் குறைதான், தயங்காமல் சொல்லலாம்.

மாத நாவலுக்கு நேர்மாறான சிக்கல் உண்டு. அது பக்கம் அளந்து எழுதுவது. புத்தகம் 16 பக்கம் கொண்ட ஃபாரங்களாக அச்சாவதால், கதை கொஞ்சம் கூடிவிட்டது என்பதற்காக நாலு பக்கம் சேர்த்துவிட முடியாது. கடைசிப் பத்துப் பக்கத்தில் எல்லா முடிச்சும் ஒன்றாக அவிழ்வதற்கு இதுவும் ஒரு காரணம். கையில் இருப்பது தொடரா மாத நாவலா என்று குழு தொடங்கும்போதே சொல்லிவிடுவது நல்லது.

'எல்லாம் ஒரே கதை' என்று சொல்லி நிறுத்திக்கொள்வது

இந்தக் குறையில் உண்மை இருக்கிறது. பணக்கார, கோபக்கார நாயகன். ஏழையானாலும் தன்மானம் விடாத நாயகி. இடையில் ஒரு வில்லி. கடைசியில் கல்யாணமோ சமாதானமோ. ஆனால் காதல் நாவலைக் கையில் எடுப்பவருக்கு முடிவு முன்பே தெரியும். தெரிந்துதான் எடுக்கிறார். அவர் பார்ப்பது அந்த முடிவுக்கு எந்த வழியாகப் போகிறார்கள் என்பதை. ஆகவே சட்டகம் ஒன்றா என்று கேட்பதால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. சட்டகத்துக்குள் என்ன மாறுகிறது என்று கேட்க வேண்டும்.

அதற்கு ஒரு தாளில் நாலு கட்டம் போட்டால் போதும். இருவரையும் பிரித்து வைப்பது எது: பணமா, குடும்பப் பகையா, பொய்யா, அகந்தையா? உண்மை முதலில் யாருக்குத் தெரிகிறது: நாயகிக்கா, நாயகனுக்கா, வாசகருக்கா? முடிச்சை அவிழ்ப்பவர் யார்? சமாதானத்துக்காக யார் எதை விட்டுக்கொடுக்கிறார்?

மூன்று நாவலுக்கும் இதை நிரப்பிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாலு கட்டமும் மூன்றிலும் ஒத்துப்போனால், "ஒரே கதை" என்ற குறைக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது. பேச்சுக்கு அதிகம் இடம் தருவது மூன்றாவது, நான்காவது கட்டங்கள். முடிச்சை அவிழ்ப்பது எப்போதும் நாயகனோ குடும்பப் பெரியவரோ என்றால் அதற்கு ஒரு பொருள் உண்டு. விட்டுக்கொடுப்பது எப்போதும் நாயகி, அதுவும் தன் வேலையையோ படிப்பையோ என்றால், பலர் மனத்தில் காரணம் தெரியாமல் இருக்கும் அதிருப்திக்கு அங்கே பெயர் கிடைக்கும். அதேபோல், நாயகி ஒரு கட்டத்தில் தானே சம்பாதித்துத் தனியே நின்று, பிறகு தன் நிபந்தனையோடு திரும்பி வந்தால், ரசிகர்கள் சொல்லும் 'தன்மானம்' வெறும் வசனமாக நின்றுவிடவில்லை என்பதும் தெரியும்.

நாயகனின் அத்துமீறலை இரண்டு தவறான வழிகளில் கையாள்வது

காதல் கதைகளில் நாயகியைக் கட்டாயப்படுத்தும் காட்சிகள் வரும்போது குழு சூடாகும். கட்டாயக் கல்யாணம், சந்தேகத்தில் உதிர்க்கும் கொடிய சொல், பிடித்த கையை விடாமல் பேசுவது என்று அவை பல வகை. ஒரு தரப்பு, "எழுதியதே தவறு, ஆசிரியர் இதை ஆதரிக்கிறார்" என்று முடித்துவிடும். மறு தரப்பு, "அந்தக் காலம் அப்படித்தான்" என்று கதவைச் சாத்திவிடும். இரண்டிலும் நாவலில் உள்ள எழுத்துக்கு வேலையில்லாமல் போகிறது.

கேட்க வேண்டியவை வேறு. காட்சி யார் கண் வழியாகச் சொல்லப்படுகிறது? நாயகியின் அச்சம் பக்கத்தில் பதிவாகிறதா, அல்லது வர்ணனை அவன் தவிப்பிலேயே நிற்கிறதா? அடுத்த இரண்டு அத்தியாயங்களில் அந்தச் செயலுக்கு விலை ஏதும் உண்டா? மன்னிப்பு வருகிறதா, வந்தால் வாய்விட்டுக் கேட்கிறானா அல்லது ஒரு நகையோடு முடிந்துவிடுகிறதா? "அவன் அன்பே அப்படித்தான்" என்று ஒரு பாத்திரம் சொல்கிறதா, கதைசொல்லியே சொல்கிறாரா? கதைசொல்லியே அப்படிச் சொல்லி, விலையும் இல்லை என்றால், நாவல் அந்தச் செயலுக்கு இடம் கொடுக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். காலம் பழையது என்பது அதை விளக்கும், ஆனால் சரியாக்கிவிடாது.

இங்குள்ள இளையர்கள் இத்தகைய காட்சிகளைப் பொறுக்காததை 'இலக்கியம் தெரியாத கோபம்' என்று தள்ளிவிடக் கூடாது. சிங்கப்பூரில் 2020 ஜனவரி 1 முதல், மனைவியின் சம்மதமில்லாத உடலுறவுக்கு, கணவன் என்பதற்காகச் சட்டத்தில் விலக்கு இல்லை. அவர்கள் வளர்ந்த சூழல் வேறு, அவர்கள் கேள்வி நியாயமானது. அந்தக் கேள்வி எழுந்ததும் குழு அந்தக் காட்சியை மறுபடி வாய்விட்டுப் படிக்க வேண்டும். இரண்டு பக்கம் போதும். நினைவிலிருந்து வாதாடும்போது காட்சி ஒவ்வொருவர் மனத்திலும் கூடியோ குறைந்தோ இருக்கும்; எழுத்து எதிரில் இருந்தால் அந்த வேறுபாடு குறையும்.

நாவலை விட்டுவிட்டு வாசகரை எடைபோடுவது

"வீட்டில் பொழுதுபோகாதவர்கள் படிப்பது" என்ற ஒரு வாக்கியம் போதும், மேசையில் பாதிப்பேர் அன்றைக்கு வாய்திறக்க மாட்டார்கள். பிறகு வருவதும் சந்தேகம்தான். இத்தகைய நாவல்களைப் படிப்பவர்களில் இரவுப் பணி முடித்து வரும் தாதியரும் உண்டு, ஆசிரியர்களும் உண்டு, பேரப்பிள்ளையைத் தூங்கவைத்த பிறகு படிக்கும் பாட்டிகளும் உண்டு. எளிய வாக்கியம், வேகமான உரையாடல், வீட்டில் யார் கையில் கொடுத்தாலும் சங்கடப்படுத்தாத நடை என்பவை சாதாரணமாக வந்துவிடுவதில்லை. தமிழில் சரளம் குறைந்த ஒருவர் 200 பக்கத்தை முடிக்க முடிகிறது என்றால் அது ஒரு திறன். விவாதத்தில் அதற்கு இடம் வேண்டும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. "பிடிக்கவில்லையென்றால் படிக்காதே" என்பது ரசிகர்கள் சொல்வது. குறை சொல்பவர் படித்துவிட்டுத்தான் சொல்கிறார். அவருக்கும் அதே மேசையில் நாற்காலி உண்டு.

வெகுஜன எழுத்து, இலக்கியம் என்று கோடு போட்டுப் பேசுபவர்கள் ஒன்றை நினைவில் வைக்கலாம். குடும்பக் கதைகளால் பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்ற எழுத்தாளர் லட்சுமிக்கு 1984இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அந்தக் கோடு பலர் நினைப்பதுபோல நேராக ஓடுவதில்லை.

கூட்டத்தை நடத்துவதில் நேரும் பிழைகள்

"பிடித்ததா?" என்று தொடங்காதீர்கள். ஆம், இல்லை என்று சொன்னவர் பிறகு அந்தப் பதிலைக் காப்பாற்றவே பேசுவார். "எந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைக்கத் தோன்றியது, எந்த இடத்தில் தூக்கத்தைத் தள்ளிப்போட்டீர்கள்?" என்று கேளுங்கள். தீவிர ரசிகரும் முதல் கேள்விக்குப் பதில் வைத்திருப்பார்; கடும் விமர்சகரும் இரண்டாவதற்குப் பதில் வைத்திருப்பார். கதைச் சுருக்கத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம். ஒன்றரை மணி நேரக் கூட்டத்துக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் சரி. அதைத் தாண்டினால் பேசுபவர்களே பேசிக்கொண்டிருப்பார்கள். ஆங்கிலம் கலந்து பேசும் இளையரைப் பாதியில் திருத்தக் கூடாது. கருத்து முழுதாக வந்த பிறகு மொழியைப் பார்த்துக்கொள்ளலாம்.

இணையத்தில் நட்சத்திர மதிப்பெண் பார்த்து நாவலைத் தேர்வது உதவாது. ஐந்தும் ஒன்றும் கலந்து சராசரி மூன்று வந்தால், அந்த மூன்று யாருடைய கருத்தும் அல்ல. இரண்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதைப் படியுங்கள். பிடித்ததும் பிடிக்காததும் பெரும்பாலும் அங்கேதான் சேர்ந்து இருக்கும்.

ஸ்கேன் செய்த பிடிஎஃப் கோப்பைக் குழுவில் பகிர்வது சிங்கப்பூரின் 2021 பதிப்புரிமைச் சட்டப்படி தவறு. விவாதத்தையும் அது கெடுக்கும். பக்கம் விட்டுப்போன, கடைசி அத்தியாயம் இல்லாத கோப்பைப் படித்தவர் "முடிவே இல்லை" என்பார். நூலகப் பிரதியோ வாங்கிய பிரதியோதான் நல்லது. நூலகப் பட்டியலில் ஒரு தேடலோடு நின்றுவிடாதீர்கள். 'ரமணிசந்திரன்', 'ரமணி சந்திரன்', 'இரமணிசந்திரன்' என்று தமிழ் எழுத்தில் மூன்று விதமாகவும், கூடவே ஆங்கில எழுத்திலும் தேடிப் பாருங்கள். மின்னூல் இரவல் தரும் லிப்பி (Libby) செயலியில் மின்னூல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அச்சுப் புத்தகத்தின் இரவல் காலம் 21 நாள், ஒரு முறை நீட்டிக்கலாம். வேறொருவர் முன்பதிவு செய்திருந்தால் அதுவும் முடியாது. ஒரே பிரதியை இருவர் மாற்றிக்கொண்டு படிக்க வேண்டியிருக்கும் என்பதால், மூன்று நாவல்களின் பெயரையும் கூட்டத்துக்கு ஆறு வாரம் முன்பே அறிவித்துவிட வேண்டும். ஏப்ரலில் தமிழ்மொழி விழாவை ஒட்டி நடத்துவதாக இருந்தால் பிப்ரவரி நடுவிலேயே சொல்லிவிடுங்கள்.