செடியாவின் கார்பன் ஸ்ட்ரட் பார்: ‘டக்’ சத்தம் போன கதை

என்னுடையது திருவள்ளூரில் தயாரான மிட்சுபிஷி செடியா, 2.0 லிட்டர் பெட்ரோல். வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் பானெட்டுக்குள் ‘டக்’கென்று ஒரு சத்தம். சஸ்பென்ஷனின் ஸ்ட்ரட் மவுன்ட், லிங்க் ராடு எல்லாம் சரியாகவே இருந்தன. முன்பக்க இரண்டு சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டுகளின் தலைகளையும் குறுக்கே இணைக்கும் கம்பிதான் ஸ்ட்ரட் பார். முந்தைய ஓனர் மாட்டியிருந்த கார்பன் ஃபைபர் பாரைப் பிடித்து அசைத்தபோதுதான் பிடிபட்டது: பாரும் பிராக்கெட்டும் சேரும் ஒற்றை போல்ட்டின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. போதாக்குறைக்கு, அது முழு கார்பனும் இல்லை. அலுமினியக் குழாய்மேல் ஒரு சுற்று கார்பன் துணி, அவ்வளவுதான். கீறல் விழுந்த இடத்தில் உலோகம் பளபளத்தது.

புதிது தேடும்போது நெசவின் அழகை விட்டுவிட்டு முனைகளைப் பார்த்தேன். கீல் மாதிரி ஆடாத, பிராக்கெட்டோடு இறுகச் சேர்ந்த முனை வேண்டும். பார் நேராக இருக்க வேண்டும். எஞ்சினைச் சுற்றி வளைந்தால் அந்த வளைவே நெகிழும். கார்பனும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டுக்கொண்டால் ஈரத்தில் அலுமினியம் அரித்துப்போகும். நடுவே கண்ணாடியிழை அடுக்கு உண்டா என்று கேட்டுத்தான் வாங்கினேன்.

பானெட் இடிக்குமா என்று பார்க்க, பார்மேல் குழந்தைகளின் விளையாட்டுக் களிமண்ணை உருட்டி வைத்து மூடித் திறந்தேன். நசுங்கிய களிமண்ணின் தடிமன்தான் இடைவெளி. அப்புறம் வண்டியைச் சமதரையில், ஜாக் இல்லாமல் நிறுத்தி, நட்டுகளைக் கையால் ஏற்றி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் சர்வீஸ் மேனுவல் அளவுக்கு முறுக்கினேன்.

சத்தம் போய்விட்டது. எடை மிச்சம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. இரும்பு பாரே போதும் என்பவர்களோடு சண்டைக்கு வரமாட்டேன்.